நாலாவது இழுப்பு

நான் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்கட்டில் ஒரு பெரிய ரம்பம் சுவரோரமாகச் சாத்தியிருந்தது. ஆள் உயரத்துக்கும் மேலே நீளம். இரண்டு முனையிலும் கைப்பிடி. நாலு வருஷமாக அதை யாரும் மரத்தில் வைக்கவில்லை. ஆனாலும் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அதற்கு எண்ணெய் தடவுவார். இயந்திரம் வந்து மரவாடியே தலைகீழாகிவிட்ட காலத்தில் இதைக் கட்டிக்கொண்டு அழுகிறாரே என்று நான் மனசுக்குள் சிரித்ததுண்டு. சிரித்திருக்கக் கூடாது.

வீட்டுக்காரரை ஊரில் எல்லோரும் மேலாள் என்றுதான் சொல்வார்கள். அவருடைய தம்பி கீழாள். பள்ளத்துக்குக் குறுக்கே மரத்தைக் கிடத்தி, ஒருவர் மேலே ஏறி நின்றும் ஒருவர் பள்ளத்துக்குள் இறங்கி நின்றும் அறுக்கிற வேலை. மேலே நிற்பவர் மரத்தில் போட்ட கோட்டைப் பார்த்து ரம்பத்தை நடத்த வேண்டும். கீழே நிற்பவருக்குக் கோடும் தெரியாது, ஒன்றும் தெரியாது. தலையில் தூள் கொட்டிக்கொண்டே இருக்கும். கண்ணை இடுக்கிக்கொண்டு இழுக்க வேண்டியதுதான். தம்பி பதினேழு வயசிலிருந்து பள்ளத்தில் நின்றவர்.

அந்தத் தம்பி இப்போது சிறையில் இருந்தார். மரவாடியில் மர அடுக்கு சரிந்து மேஸ்திரி செத்துப்போனார். அடுக்கைத் தாங்கியிருந்த ஆப்பைத் தட்டிவிட்டது நான்தான் என்று தம்பி கையில் சுத்தியலோடு நின்று ஒப்புக்கொண்டார். ஏழு வருஷம். நான் அந்த வீட்டுக்குக் குடிவந்தது அதற்கு அப்புறம். ஆகவே அவரை நான் பார்த்ததில்லை. மாதம் ஒருமுறை வருகிற கடிதத்தின் கையெழுத்துதான் எனக்குத் தெரியும். உள்ளே போய்த்தான் எழுதப் படித்துக்கொண்டார். எழுத்து ஒவ்வொன்றும் இடைவெளி விட்டு, அடுக்கி வைத்த பலகை மாதிரி நிற்கும்.

நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். முப்பது வருஷம் அதையே செய்தால் மனுஷனுக்கு ஒரு வியாதி வந்துவிடும். கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்தால் பெண் யார், மாப்பிள்ளை யார் என்று பார்க்க மாட்டேன், ஒற்று விட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பேன். என்னை அந்த வீட்டில் ‘புரூப் சார்’ என்பார்கள்.

மழை பிடித்துக்கொண்டு விடாமல் பெய்த ஒரு மத்தியானம், வீட்டுக்கார அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே என் அறை வாசலுக்கு வந்தாள். பள்ளிக்கூடச் சீருடைச் சட்டைகளுக்குப் பொத்தான் தைக்கிறவள். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய புள்ளிகள்.

“சார், தம்பி லெட்டர் வந்திருக்கு. உங்களுக்கும் அதுல ஒரு வேலை வச்சிருக்கார்.”

“எனக்கா? என்னம்மா அது?”

“பாட்டு எழுதியிருக்காராம். உள்ள ஒரு வாத்தியார் வந்து பாட்டு எழுதுற கணக்கெல்லாம் சொல்லிக் குடுக்கிறாராம். நம்ம வீட்ல புரூப் சார் இருக்காரே, அவர்கிட்ட காட்டி சரியா இருக்கான்னு கேளுங்க அண்ணின்னு எழுதியிருக்கார். பாருங்களேன், மரம் அறுத்த கைக்கு வந்த ஆசையை.”

சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பும் பெருமையுமாக இருந்தது. தாளை வாங்கிப் பார்த்தேன். மேலே ‘ஆசிரியப்பா’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தது. கீழே நாலு வரி.

மேலே வானம் சதுரம்
காலடி நான்கே தூரம்
தூளாய் உதிரும் பகலும்
நாளை எண்ணி இழுப்பேன்

“எப்படி சார்?”

“இரும்மா, அவசரப்படாதே” என்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. பாக்கெட் நாட்காட்டியில் எழுத்துப்பிழை பார்த்துப் பார்த்துச் சலித்தவனுக்கு ஓர் ஆசிரியப்பா கிடைத்தால் விடுவானா? தாளின் ஓரத்தில் பென்சிலால் அசை பிரித்தேன். மேலே, நேர் நேர். வானம், நேர் நேர். சதுரம், நிரை நேர். சீர் ஒவ்வொன்றும் இரண்டு அசை. பிசகே இல்லை. மேலே, காலடி என்று முதல் இரண்டு அடிக்கு எதுகை. தூளாய், நாளை என்று பின் இரண்டு அடிக்கு எதுகை. மோனை மட்டும் கொஞ்சம் தகராறு. போகட்டும்.

“பரவாயில்லையேம்மா. ஆள் கெட்டிக்காரர்தான்.”

“நிஜமாவா?”

“நிஜமாத்தான். ஆனா ஒரு பெரிய குறை இருக்கு. ஆசிரியப்பான்னா அடிக்கு நாலு சீர் வரணும். இவர் எல்லா அடியிலயும் மூணோட நிறுத்திட்டார். கடைசிக்கு முந்தின அடி மட்டும் மூணா இருந்தா அதுக்கு ஒரு பேர் உண்டு. நாலு அடியும் மூணு மூணா வந்தா வேற பாவினம், அதுக்குக் கணக்கே வேற. இது ரெண்டும் கெட்டானா நிக்குது.”

“அப்ப தப்பா?”

“தப்புன்னு இல்ல. முடிக்காம விட்டிருக்கார். பாரு, ஒவ்வொரு வரிக்கும் கடைசியில ஒரு வார்த்தை போடுற அளவுக்கு இடமும் விட்டிருக்கார். வார்த்தை கிடைச்சிருக்காது. நான் போட்டுத் தர்றேன்.”

அப்போது மேலாள் பின்கட்டில் இருந்தார். தச்சர்கள் கொண்டுவந்து கொடுத்த சின்ன ரம்பங்களுக்கு அரம் பிடித்துக் கூராக்கிக்கொண்டிருந்தார். மரவாடியில் இயந்திரத்துக்குக் கட்டை தூக்கிக் கொடுத்துவிட்டு வந்து, மீதிப் பொழுதில் இது. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடிதம் வந்த அன்று யாராவது அதைச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினால் எழுந்து வெளியே போய்விடுவார். சிறைக்கு ஒருமுறைகூட அவர் போனதில்லை. மாசா மாசம் போகிறவள் அந்த அம்மாதான். தம்பி செய்த காரியத்தால் அண்ணனுக்கு மனசு விட்டுப்போயிற்று என்றுதான் தெருவே நினைத்திருந்தது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சிவப்பு மையை எடுத்தேன். விட்ட இடங்களில் ஒவ்வொன்றாக எழுதினேன். சதுரம் கண்டேன். தூரம் நடந்தேன். பகலும் கழியும். இழுப்பேன் நானே. அகவல் ஏகாரத்தில் முடிவது விசேஷம், அதனால் ‘நானே’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கீழே, ‘நல்ல முயற்சி. ஒவ்வோர் அடியிலும் ஒரு சீர் குறைகிறது. நிரப்பியுள்ளேன்’ என்று எழுதி ஒப்பமும் போட்டேன். மறுநாள் அவள் அதைத் தபாலில் சேர்த்தாள்.

பதில் பத்து நாளில் வந்தது. வழக்கமாக இரண்டு பக்கம் எழுதுகிறவர் ஒரே வரி எழுதியிருந்தார். ‘அண்ணன் கேட்டாரா?’

அவள் தட்டில் சோறு போடும்போது அதைப் புருஷனிடம் சொன்னதை என் அறையிலிருந்து கேட்டேன்.

“ஏங்க, உங்க தம்பி நீங்க பாட்டைக் கேட்டீங்களான்னு கேட்டிருக்கார்.”

“எந்தப் பாட்டு?”

“அவர் எழுதினது. சாரைப் படிக்கச் சொல்லட்டுமா?”

“வேலை கெடக்கு” என்று அவர் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார்.

அடுத்த மாதம் சிறைக்குப் போனவள் சாயங்காலம் திரும்பி வந்தபோது சாப்பாட்டு டப்பா போன கனத்தோடேயே வந்தது. தரையில் உட்கார்ந்து அதைத் திறந்து பார்த்தாள். வேகவைத்த இரண்டு முட்டையும் கீரையும் சோறும் வைத்தது வைத்தபடி இருந்தன.

“பாக்க வரமாட்டேன்னுட்டாராம் சார். நாலு வருஷத்துல இப்படி நடந்ததே இல்ல. ரெண்டு மணி நேரம் கம்பி பக்கத்துலயே நின்னேன். வார்டர்தான் சொன்னார், ஆறு நாளா சாப்பாட்டையும் தொடலையாம். கேட்டா பதில் இல்லையாம். சொவத்தைப் பாத்து உக்காந்திருக்காராம். இப்படியே போனா தாங்காதும்மா, யாராவது சொல்லித் திருத்துங்கன்னார்.” அவள் டப்பாவை மூடினாள். “நான் என்ன சொல்லித் திருத்துவேன்? ஆளே வந்து நிக்கலையே.”

அவள் அழவில்லை. சட்டைகளை மடியில் இழுத்துப்போட்டுப் பொத்தான் தைக்க ஆரம்பித்தாள். இரண்டு பொத்தான் தைத்ததும் நிறுத்தினாள்.

“அந்தப் பாட்டுக்கு அப்புறந்தான் சார் இப்படி. அதுல என்னமோ இருக்கு. சாகப்போறேன்னு ஏதாவது சொல்லியிருக்காரா? நீங்க படிச்சவங்க. இன்னொரு தடவை படிச்சுப் பாருங்க.”

அசலின் நகல் என் நோட்டில் இருந்தது. மறுநாள் மத்தியானம் கூடத்தில் உட்கார்ந்து அதைப் பிரித்தேன். மழை விட்டு வெயில் அடித்தது. பின்கட்டுக் கதவு திறந்திருந்தது. மேலாள் முதுகைக் காட்டி உட்கார்ந்து அரம் பிடித்துக்கொண்டிருந்தார். கர், கர், கர் என்று ஒரே சீராக வந்துகொண்டிருந்த சத்தம் எங்கள் இரண்டு பேருக்கும் பழகிப்போனதுதான்.

“நீங்க சேத்ததை விட்டுட்டுப் படிங்க சார். அவர் எழுதினதை மட்டும் படிங்க” என்றாள்.

நான் அவர் விட்டிருந்த இடத்தில் நிறுத்தி, மெதுவாக வாசித்தேன். “மேலே வானம் சதுரம்...”

அரம் நின்றது.

“காலடி நான்கே தூரம்...”

“உம்” என்று பின்கட்டிலிருந்து குரல் வந்தது.

யாரோ கூப்பிட்டதற்குப் பதில் சொல்வது போன்ற சாதாரணக் குரல்தான். அவர் வேண்டுமென்று சொன்னதாகவும் தெரியவில்லை. நான் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். மூன்றாம் வரியை வாசித்தேன். “தூளாய் உதிரும் பகலும்...”

“உம்.”

“நாளை எண்ணி இழுப்பேன்...”

இந்தத் தடவை குரல் வரவில்லை. மேலாள் எழுந்து வாசல்படியில் வந்து நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. கையில் அரம் அப்படியே இருந்தது.

“அவன் எழுதினதா அது?”

“ஆமாங்க.”

“அவன் எடம் விட்ட எடத்துல நீங்க என்ன சார் போட்டீங்க?”

சொன்னேன். கண்டேன், நடந்தேன், கழியும், நானே.

“கடைசியில நானேன்னு போட்டீங்களா?” அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். “ஐயோ சார். அது என் எடம் சார்.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவராகவே சொல்ல ஆரம்பித்தார். எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை, சுவரில் சாத்தியிருந்த பெரிய ரம்பத்தைப் பார்த்துச் சொன்னார்.

“பள்ளத்துல நிக்கிறவனுக்கு மேல என்ன நடக்குதுன்னு தெரியாது. மரம் அசையுதா, ஆப்பு இருக்கா, ஒண்ணும் தெரியாது. அதனால அவன் எண்ணிக்கிட்டே இழுப்பான். மூணு இழுப்புக்கு அவன் சத்தம். நாலாவது இழுப்புக்கு மேலாள் சத்தம் குடுக்கணும். ‘உம்’முன்னா நான் இருக்கேன், எல்லாம் சரியா இருக்கு, நீ இழுன்னு அர்த்தம். பாட்டாவே பாடுவோம். அவன் மூணு வார்த்தை, நான் ஒரு சத்தம். பதினாலு வருஷம்.”

“சத்தம் வரலேன்னா?” என்று கேட்டேன்.

“வரலேன்னா கீழாள் ரம்பத்தை விட்டுடணும். விட்டுட்டு மேல ஏறிடணும். அதான் முறை. ஒரு நிமிஷம்கூட உள்ள நிக்கக் கூடாது.”

அவள் கையிலிருந்த சட்டை கீழே விழுந்தது. “அதனாலதான் சோத்தை விட்டுட்டாரா?”

அவர் தலையாட்டினார். அப்புறம் அவர், “இன்னொண்ணும் இருக்கு” என்றார். “அன்னைக்கும் நான் சத்தம் குடுக்கல.”

“என்னைக்கு?”

“மேஸ்திரி செத்த அன்னைக்கு. அறுப்பு சரியில்லன்னு எல்லார் முன்னாலயும் என்னைக் கேவலமாப் பேசிட்டுப் போனான். எனக்கு ஆத்திரம் அடங்கல. மரத்துமேல நின்னு இழுத்துக்கிட்டு இருந்தவன், ரம்பத்தை விட்டுட்டு இறங்கிப் போனேன். அந்த அடுக்கைச் சரிச்சு விட்டா நாள் பூரா ஆள் வச்சு அடுக்கட்டும்னு நினைச்சேன். அவ்வளவுதான் நினைச்சேன். சுத்தியலால ஆப்பைத் தட்டினேன். அடுக்குக்குப் பின்னால மேஸ்திரி நிக்கிறது எனக்குத் தெரியாது.”

“ஏங்க...”

“நாலாவது இழுப்புக்கு சத்தம் வரலைன்னு தம்பி பள்ளத்துலேர்ந்து ஏறி வந்தான். தலையெல்லாம் தூளு. என்னைப் பாத்தான், கீழ கெடந்தவனைப் பாத்தான். என் கையிலேர்ந்து சுத்தியலை வாங்கிக்கிட்டான். ‘அண்ணி மாசமா இருக்காங்க, நீ பேசாம இரு’ன்னான். நான் பேசாம இருந்தேன். கோர்ட்டுலயும் பேசாம இருந்தேன். இன்னைய வரைக்கும் பேசல.”

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். திட்டுவாள், அழுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் குரல் மிகவும் தாழ்ந்து வந்தது.

“முதல் வருஷம் பூரா ஒவ்வொரு தடவை போறப்பவும் அந்தப் புள்ளையைத் திட்டியிருக்கேன். உங்க அண்ணன் தலை நிமிர முடியாமப் பண்ணிட்டீங்களேன்னு. குடும்ப மானத்தை வாங்கிட்டீங்களேன்னு. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு, ‘அண்ணன் எப்படி இருக்கார் அண்ணி’ன்னு கேப்பார். நாலு வருஷமா அந்தப் புள்ளைகிட்ட நான் என்னென்ன பேசியிருக்கேன்!”

அடுத்த வீட்டில் விளையாடிக்கொண்டிருந்த மகள், நாலு வயசுக்காரி, தண்ணீர் கேட்டு உள்ளே வந்தாள். அம்மா மொண்டு கொடுத்தாள். அந்தச் சின்னப் பெண் குடித்து முடிக்கிற வரைக்கும் மூன்று பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் காலையில் மூன்று பேரும் சிறைக்குப் போனோம். நான் மனு எழுதிக் கொடுத்தேன். வார்டர் உள்ளே போய்விட்டு வந்து கையை விரித்தார்.

“வரமாட்டேங்கிறான்.”

மேலாள் முன்னால் போனார். “ஐயா, மேலாள் வந்திருக்கான்னு மட்டும் சொல்லுங்கய்யா.”

“அது யாரு?”

“சொல்லுங்க, அவனுக்குத் தெரியும்.”

கால்மணி நேரம் ஆகியிருக்கும். அரை இருட்டான அந்த நீள அறையில் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் ஒருவர் சுவரைத் தடவிக்கொண்டே நடந்து வந்தார். நான் கடிதத்தில் மட்டும் பார்த்த மனிதர். கன்னம் ஒட்டி, கழுத்து எலும்பு தெரிய, சட்டை அவர்மேல் தொங்கியது. அண்ணனைப் பார்த்ததும் நின்றார். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். வார்டர் மணியைப் பார்த்தார்.

தம்பிதான் தொடங்கினார். குரலே எழும்பவில்லை. உதடு அசைந்ததை வைத்துத்தான் அது என்னவென்று எனக்குத் தெரிந்தது. மேலே வானம் சதுரம்.

“உம்” என்றார் மேலாள்.

காலடி நான்கே தூரம்.

“உம்.”

மூன்றாவது வரிக்கு மேலாள் குரல் உடைந்தது. ஆனாலும் கொடுத்தார். நாலாவது வரி முடிந்ததும் ‘உம்’ கொடுக்கவில்லை. கம்பி வலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

“ஆப்பைத் தட்டினது நான். என் தம்பி பள்ளத்துல இருந்தான். நான்தான் தட்டினேன்.”

அறையில் இருந்த மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வார்டர் சலித்துக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை, அலுத்துப்போனவர், அவ்வளவுதான்.

“இங்க வர்ற அண்ணன், தம்பி, அப்பன் எல்லாம் இதத்தான்யா சொல்றாங்க. இருபது வருஷமாக் கேக்கறேன். போய் சாப்பிடச் சொல்லு அவனை, அது போதும்.”

தம்பி சிரித்தார். அந்த முகத்தில் அது சிரிப்பு என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. “எதுக்குண்ணே இப்ப அதெல்லாம்? சத்தம் வரலையேன்னுதான் பாத்தேன். நீ இருக்கியா இல்லையான்னு தெரியல” என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, “நீங்கதான் புரூப் சாரா? தப்பு தப்பா எழுதிட்டேன், கோவிச்சுக்காதீங்க” என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். முப்பது வருஷத்தில் எத்தனையோ பேருடைய எழுத்தில் சிவப்பு மையால் கோடு போட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் அவமானமாக இருந்தது. அவள் டப்பாவை வலைக்குக் கீழே இருந்த சின்னத் திறப்பு வழியாகத் தள்ளினாள். அவர் தரையில் உட்கார்ந்து ஒரு முட்டையை எடுத்து, பல்லால் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துத் தின்றார். அவர் தின்று முடிக்கிற வரைக்கும் மேலாள் வலையை விட்டுக் கையை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மேலாள் கை கால்கூடக் கழுவாமல் என் அறைக்கு வந்தார்.

“பேப்பர் எடுங்க சார்.”

“எதுக்கு?”

“நடந்ததை எழுதுங்க. ஸ்டேஷன்ல குடுக்கணும். வாயால சொன்னா நம்ப மாட்டேங்கிறாங்க. நான் சொல்லச் சொல்ல எழுதுங்க. நான் எங்கயாவது நிறுத்தினாலும் நீங்க பேசாம இருங்க, எடம் விடாம நானே சொல்லிடறேன்.”

எழுதினேன். இரண்டரைப் பக்கம் வந்தது. ஒரு வார்த்தையைக்கூட நான் திருத்தவில்லை. அவர் பேசினபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கடைசியில் அவர் இடதுகைப் பெருவிரலை மையில் வைத்து அழுத்தி ரேகை வைத்தார். அரம் பிடித்துப் பிடித்து ரேகையே தேய்ந்துபோயிருந்தது. இரண்டு தடவை வைக்க வேண்டியிருந்தது.

காலையில் அவர் குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, மகள் தலையைக் கோதிவிட்டு வாசலில் நின்றார். நானும் கூடப் போவதற்குச் செருப்பை மாட்டினேன். அவள் சமையலறையிலிருந்து வந்தாள். வழக்கமாக ஒரு டப்பா கட்டுகிறவள் இன்றைக்கு இரண்டு டப்பா கட்டியிருந்தாள். இரண்டாவது டப்பா பரணிலிருந்து எடுத்துத் தேய்த்துக் கழுவியது. மூடியில் ஈரம் இருந்தது.

ஒன்றைப் புருஷன் கையில் கொடுத்தாள். “மத்தியானத்துக்கு உங்களுக்கு. பசி தாங்க மாட்டீங்க” என்றாள். இன்னொன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்.

“ஏன் சார், இவரையும் உள்ள போட்டா, தம்பியை விடுற வரைக்கும் ரெண்டு பேரையும் ஒரே எடத்துல வைப்பாங்களா? சத்தம் குடுத்தாக் கேக்கிற தூரத்துல?”

தெரியாதும்மா என்றுதான் சொன்னேன்.